திருத்த அவகாசம்

ஒன்பது பேருடைய கதையை முடிக்க எனக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது. அதிலும் ஐந்து நிமிடம் காபி ஆறட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். விசாரணைக் குழு கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். அவர்கள் காபியை மட்டும் அடித்துவிட்டு மீதியை எழுதிக்கொண்டார்கள்.

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடி பக்க நிர்வாக மையத்தில் டெம்ப்ளேட் போடுகிறவள். அரசாணையில் அதற்கு 'வார்ப்புரு வடிவமைப்பாளர்' என்று பெரிய பெயர். மாநிலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் நம்மை யாரென்று தெரிந்துகொள்கின்றன. அந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் எங்கே வரவேண்டும், எதை நிரப்பாமல் விடலாம், எதை நிரப்பாவிட்டால் விடாது என்பதையெல்லாம் முடிவு செய்வதுதான் டெம்ப்ளேட். பிறப்புக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, மறைவுக்கு ஒன்று. எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத ஆட்கள் எங்கள் கவுண்டரில் வந்து நிற்பார்கள். "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே" என்று நான் சொல்வேன். பதினோரு வருடமாக இதைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

அந்த வாரம் திடீரென்று புயல் அடித்தது. துறைமுகத்திலிருந்து போன விசைப்படகு ஒன்று திரும்பவில்லை. அதில் ஒன்பது பேர். தேடிப் போன நாட்டுப்படகுகளைக் கடல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. போன வருடத்திலிருந்து கடலில் தேடுகிற வேலையை ட்ரோன்களிடம் விட்டுவிட்டார்கள். இங்கே எல்லோரும் அதைப் பருந்து என்பார்கள். பருந்தும் பக்கத்தைப் படித்துத்தான் கிளம்பும். பக்கத்தில் 'உயிருடன்' என்று இருந்தால் கிளம்பாது, உயிரோடு இருப்பவரைத் தேடுவானேன். 'மறைவு' என்று இருந்தாலும் கிளம்பாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் வேறொரு நிலை உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். இரண்டு முழு நாட்கள் பருந்துகள் கொட்டகையில் சும்மா கிடந்தன.

மூன்றாம் நாள் விடிந்ததும் உத்தரவு வந்தது. 'கடலில் காணாமற்போனோர்' என்று புது டெம்ப்ளேட் வேண்டும், ஏழு மணிக்குள்.

எங்கள் தொழிலில் யாரும் வெறும் தாளில் ஆரம்பிப்பதில்லை. இருப்பதில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதை நகலெடுத்துத் தலைப்பை மாற்றுவோம். பொருந்தியது மறைவு டெம்ப்ளேட். பெயர், உறவினர், இடம், நேரம் எல்லாம் அதில் ஏற்கெனவே இருந்தன. 'மறைந்த இடம்' என்பதைக் 'கடைசியாகத் தெரிந்த இடம்' என்று மாற்றினேன். குடும்பத்தாருக்குப் போகும் செய்தியையும் எழுதினேன்: "உங்கள் உறவினர் (பெயர்) அவர்களைத் தேடும் பணி தொடர்கிறது. தேடுதல் தொடர வேண்டுமா?" கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், வேண்டாம். 'வேண்டாம்' அமுக்கினால் பக்கம் மூடும். நல்ல வாக்கியம் என்று எனக்கே ஒரு திருப்தி.

கடைசியில் சோதனை. போட்டவர் தன் சொந்தப் பக்கத்தில் டெம்ப்ளேட்டைக் கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. கல்யாண டெம்ப்ளேட் வந்த காலத்தில் எனக்கு நான்கு தடவை கல்யாணம் ஆகியிருக்கிறது, நான்கிலும் மாப்பிள்ளை எங்கள் டெஸ்பாட்ச் கிளார்க். ஆனால் மறைவு டெம்ப்ளேட்டை மட்டும் யாரும் தன் பக்கத்தில் ஓட்டியதில்லை. உயிரோடு இருக்கிற தன் பெயரை அந்தக் கட்டத்தில் யார் அடிப்பார்கள்? 'சோதனை முடிந்தது' என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். மேலதிகாரி குற்றாலிங்கம் சாருக்கும் இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். அன்றும் நான் டிக் போட்டேன். அவர் ஒப்புதல் போட்டார். சரியாக ஏழு மணிக்கு ஒன்பது பக்கங்களும் புது டெம்ப்ளேட்டுக்கு மாறின. பருந்துகள் கிளம்பின.

பிற்பகல் மூன்று பத்துக்கு மெட்டில்டா கவுண்டருக்கு வந்தாள். அந்தப் படகை ஓட்டிப்போன அமலதாசின் மனைவி. ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்பவள். இரண்டு நாளாகத் தூங்காத முகம், ஆனால் குரல் உடையவில்லை. போனை என் பக்கம் நீட்டினாள்.

"மேடம், இதுல 'நிறைவு'ன்னு போட்டுருக்கு. நிறைவுன்னா என்ன? ஆளைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

படித்தேன். 'உங்கள் உறவினர் அமலதாஸ் அவர்களின் பக்கம் இன்று மாலை 5.00 மணிக்கு நிறைவு பெறும்.'

நான் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. ஆனால் யார் எழுதியது என்று தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் மறைவு டெம்ப்ளேட்டைப் போட்டவர்கள் எழுதியது. ஒருவருடைய மறைவைப் பதிந்தால் பத்து மணி நேரம் திருத்த அவகாசம், பிழை இருந்தால் வீட்டார் வந்து சொல்லலாம். அதற்குப் பிறகு பக்கம் மூடிவிடும். ஏழும் பத்தும் பதினேழு.

"இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். கூப்பிடாமலே மெட்டில்டாவும் பின்னால் ஏறி வந்தாள்.

குற்றாலிங்கம் சார் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டேதான் எதையும் படிப்பார். தென்காசிப் பக்கத்து ஆள். கறாரானவர், கிண்டல்காரர். அவர் அறை அலமாரியின் மேல் சிவப்பு ஹெல்மெட் ஒன்று இருக்கும். அவரிடம் பைக் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மகனின் இறுதிச் சடங்குக்கு ஆபீஸே வேன் பிடித்துப் போனது. அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பற்றி அவரும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"சார், காலைல போட்டது அஞ்சு மணிக்கு மூடிரும்."

"எது மூடிரும்?"

"ஒன்பது பக்கமும். மறைவுல இருந்து நகல் எடுத்தேன். திருத்த அவகாசம்ங்கற கட்டம் தாய் டெம்ப்ளேட்ல இருக்கு. பிள்ளை டெம்ப்ளேட் ஸ்கிரீன்ல அது தெரியாது, ஆனா வேலை செய்யும்."

பேனா மூடி நின்றது. "டெஸ்ட் பண்ணலியா நீ?"

"இல்ல சார்."

"டிக் கெடந்துச்சே. டிக்கைப் பாத்துத்தான நான் ஒப்புதல் போட்டேன்."

"நம்ம ஆபீஸ்ல மறைவை யாரு சார் சொந்தப் பக்கத்துல ஓட்டிப் பாத்துருக்கா?"

மெட்டில்டா எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"மூடுனா என்ன ஆகும்? எனக்கு வெளங்குத மாதிரி சொல்லுங்க."

"பருந்து திரும்பி வந்துரும்மா," என்றேன். "கடலுக்குப் போறவங்க கையில கட்டிருக்க பட்டை, பருந்து கிட்ட வந்தா சிக்னல் குடுக்கும். அதையும் பருந்து எடுத்துக்காது. மூடுன பக்கம்னா ஆள் இல்லைன்னு அதுக்கு அர்த்தம்."

"அப்ப பருந்து ஓட்டுதவங்களுக்குப் போன் போடுங்க."

"ஓட்டுதவங்க கெடையாது. அதுவே போகும், அதுவே வரும்."

"அங்கன ஒரு ஆள்கூடவா இல்ல?"

"வாட்ச்மேன் இருக்காரு."

"சரி, மூடுனா மறுபடியும் தொறந்துருங்க."

குற்றாலிங்கம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூடுன பக்கத்தைத் தொறக்கணும்னா அந்த ஆளே நேர்ல வந்து கவுண்டர்ல விரல் வைக்கணும். செத்தவங்க பேர்ல ரேஷன் வாங்குத கூத்தை நிறுத்துததுக்காக வச்ச விதி."

"கடல்ல கெடக்குத ஆளு வந்து விரல் வைக்கணுமாக்கும்," என்றாள் மெட்டில்டா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த விதியைச் சிபாரிசு செய்தவர்களில் சாரும் ஒருவர் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. சென்னைத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஒரு இயந்திரப் பெண் என் புகாரை அன்போடு கேட்டு, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் வரும் என்று டோக்கன் எண் கொடுத்தாள். மறுபடி போட்டேன், இன்னொரு எண் கொடுத்தாள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கப் பார்த்தேன். 'ஒன்பது பக்கங்கள் பயன்பாட்டில் உள்ளதால் பிரிக்க இயலாது' என்றது. ஒன்பது பேரையும் 'உயிருடன்' நிலைக்குத் திருப்பப் பார்த்தேன். விரல் கேட்டது. வெறும் தாளில் புதிதாக ஒன்று போடலாமென்றால் அதற்கும் சென்னை ஒப்புதல். பக்கத்துத் திரையில் கடல் வரைபடம். இரண்டு பருந்துகள் உழவு மாடு மாதிரி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தன. தேட வேண்டிய பரப்பில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

மணி நான்கு இருபது. ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. தாய் டெம்ப்ளேட்டில் கை வைப்பது. இருக்கிற கட்டத்தை எடுக்க மட்டும் சென்னை வேண்டாம், என் விரலும் சாருடைய விரலும் போதும்.

மறுபடி மாடிக்குப் போனேன். மெட்டில்டா சாருக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கையைக் காட்டினார்.

"அதை மட்டும் சொல்லாத, ஜெசிந்தா."

"வேற வழி இல்ல சார்."

"மறைவு டெம்ப்ளேட்ல அந்தக் கட்டத்தை எடுத்தா என்ன ஆகும்னு தெரியும்லா உனக்கு?"

"தெரியும்."

"எனக்குச் சொல்லுங்க," என்றாள் மெட்டில்டா.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "பதினோரு வருசத்துல இந்த மாநிலத்துல செத்தவங்க அறுபது லட்சம் பேருக்கு மேல. அத்தனை பக்கமும் அந்த ஒரு கட்டத்தாலதான் மூடிக் கெடக்கு. அதை எடுத்தா அத்தனையும் தொறக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் மெசேஜ் ஒண்ணுதான். தொறந்த பக்கத்துக்கெல்லாம் இந்தம்மா காலைல எழுதுன மெசேஜ் தன்னால போகும். அறுபது லட்சம் வீட்டுக்கு."

"மெசேஜை நிறுத்திட்டுத் தொறங்களேன்."

"சனங்களுக்கு ஒருதரம் போயிட்ட வாக்கியத்துல ஒரு புள்ளி மாத்தணும்னாலும் சென்னையில கேக்கணும். ஒரு நாள் ஆகும்."

மெட்டில்டா யோசித்தாள். அவர் மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு குரல் உயர்ந்தது. அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பொதச்சுட்டு, எரிச்சுட்டு, பதினாறு விசேஷம் கழிச்சு, ஒரு வழியா இப்பத்தான் தொண்டைல சோறு எறங்குது. அந்த வீட்டுல போய் 'தேடிட்டிருக்கோம்'னு சொல்லச் சொல்லுதியா? மனுசன் செய்யுத வேலையா இது? ஒன்பது பேரைக் காப்பாத்த அறுபது லட்சம் வீட்டுல மறுபடி எழவு விழணுமா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு அதுதான் கோபமாக வந்தது.

மெட்டில்டா எழுந்து நின்றாள். "எங்க வீட்டுக்கு அப்படி ஒரு பொய் மெசேஜ் வந்தா நான் அழுவேன் சார். அனுப்புனவனை ஏசுவேன். அப்புறம் அழிச்சிட்டு அடுப்பைப் பத்த வைப்பேன். என் வீட்டு ஆளு போயிட்டா நான் எதை சார் அழிக்க?"

நான்கு நாற்பத்தொன்று.

"என் வீட்டுக்கும் போகும் சார்," என்றேன். "ரெனிட்டா டேப்லெட்டுக்கும் போகும்."

என் கணவர் கிளாட்வின் இறந்து ஐந்து வருடம். மஞ்சள் காமாலை, ஒன்பது நாள். கல்லறைத் தோட்டத்தில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். ரெனிட்டாவுக்கு அப்போது ஐந்து வயது. 'உங்கள் வீட்டுக்கும் போகுமே சார்' என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கண் அலமாரிப் பக்கம் போய் வந்தது. அதை அவர் பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா," என்றார் மெட்டில்டாவிடம். அவள் போனதும் என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அந்த மெசேஜை ஒருதரம் படி."

படித்தேன். உங்கள் உறவினர் இன்னார் அவர்களைத் தேடும் பணி தொடர்கிறது. தேடுதல் தொடர வேண்டுமா? ஆம். வேண்டாம்.

"இன்னார்ங்கற எடத்துல பேர் வருமா?"

"வரும் சார். முழுப் பெயரா வரும்."

பேனாவை மேசையில் வைத்தார். நான் தாய் டெம்ப்ளேட்டைத் திறந்து, திருத்த அவகாசம் என்ற கட்டத்தில் இருந்த பத்தை அழித்து, கட்டத்தையும் நீக்கினேன். திரை இரண்டாவது விரல் கேட்டது. அவர் கட்டைவிரலை வைத்தார். மணி நான்கு ஐம்பத்திரண்டு.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவருடைய இழுப்பறைக்குள் ஏதோ அதிர்ந்தது. "கீழ போயி மேப்பைப் பாரு," என்றார் என்னைப் பார்க்காமல். படி இறங்கும்போது என் இடுப்பிலும் அதிர்ந்தது. கீழே கவுண்டரில் ஒரு போன், காத்திருந்தவர்களிடம் நான்கைந்து, தெருவில் ஆட்டோ ஸ்டாண்டில் ஒன்று. சத்தமாக ஒருவரும் அழவில்லை. எல்லோரும் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என் போனைப் பார்த்தேன். 'உங்கள் உறவினர் கிளாட்வின் பர்னாந்து அவர்களைத் தேடும் பணி தொடர்கிறது.'

அந்த வாக்கியத்தைக் காலையில் காபி குடித்துக்கொண்டே எழுதியவள் நான். அது எந்தக் கட்டத்திலிருந்து எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். அவரைப் புதைத்த இடத்தின் எண்கூட எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நெஞ்சு துள்ளியது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை அறுபது லட்சத்தால் பெருக்கிப் பார்த்தபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு ரெனிட்டா கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவைத் தேடுறாங்களாம்."

"ரெனி, அது தப்பான மெசேஜ்மா."

"அப்பா பேர் சரியாத்தான் போட்டுருக்கு."

"பேரு சரிதான். மெசேஜ்தான் தப்பு. அம்மாதான் எழுதுனேன்."

"நீயா? அப்ப அப்பா எங்கன இருக்காங்க?"

"கல்லறைத் தோட்டத்துல. ஞாயித்துக்கெழமை மெழுகுவத்தி வச்சோம்லா."

"அப்ப எதுக்குத் தேடுறாங்க?"

போனைக் காதோடு வைத்துக்கொண்டே படியிலிருந்து எழுந்தேன்.

"அம்மா, 'வேண்டாம்' அமுக்கட்டா?"

"எதையும் அமுக்காத. அம்மா வந்துருதேன்."

ஏன் அமுக்காதே என்று சொன்னேன்? தெரியவில்லை என்று குழுவிடம் சொன்னேன். அது பொய்.

ஐந்து மணி ஆனது. ஐந்து ஒன்று. மெட்டில்டா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருந்துகள் திரும்பவில்லை. ஐந்து பதினைந்துக்குக் கிழக்கே போனது ஒரு கோட்டை முடித்துத் திரும்பி அடுத்த கோட்டைப் பிடித்தது. ஐந்து இருபத்தாறுக்கு அது நின்றது. ஒரே இடத்தைச் சுற்ற ஆரம்பித்தது. திரையின் ஓரத்தில் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. நான்காவது பெயர் அமலதாஸ்.

ஐஸ் பெட்டி மூடியையும் மிதவைகளையும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். எட்டுப் பேர்.

மெட்டில்டா அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள். "எட்டுதான பச்சை? யாரு இல்ல?"

"சந்தனம்."

"சமையலுக்குப் போன பையன். புதுசு. ராமநாதபுரத்துப் பக்கம்," என்றாள். "அவன் அம்மாவுக்கு இங்கன யாரையும் தெரியாது." அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு சார் என்னைக் கூப்பிட்டார். ராத்திரி முழுக்கச் சென்னை அவரைப் போனில் காய்ச்சி எடுத்திருக்க வேண்டும், சட்டை நேற்றையது. மாநிலம் முழுக்க எல்லா மையங்களிலும் வாசலில் கூட்டம் என்று டி.வி. சொன்னது. ஏசியவர்கள் பாதி. மீதிப் பேர் ஏசவில்லை, எங்கே தேடுகிறீர்கள் என்று இடம் கேட்டார்கள். எனக்கு அவர்களைத்தான் பார்க்க முடியவில்லை.

"பன்னெண்டு மணிக்குள்ள அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடச் சொல்லிட்டாங்க," என்றார். "போட்டுரு. எல்லாம் ஒரேயடியா மூடிரும். சனங்க ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

"சந்தனம் சார்?"

"அவனும்தான். நாலு நாள் ஆச்சு, இனி என்னத்தைத் தேடன்னு கேக்காங்க."

"பதில் எத்தனை வந்துருக்குன்னு பாத்துருதேன், ரிப்போர்ட்டுக்கு வேணும்."

பட்டியலைத் திறந்தேன். 'வேண்டாம்' அமுக்கியவர்கள் முப்பத்தொரு லட்சம். பதில் சொல்லாதவர்கள் இருபது லட்சம், அதில் நானும் ஒருத்தி. 'ஆம்' ஒன்பது லட்சத்துச் சொச்சம்.

"ஒன்பது லட்சமா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "தன் கையால கொள்ளி வச்சவன்கூட 'ஆம்'னு அமுக்கிருக்கான் பாரு. கிறுக்குப் பயலுவ."

பட்டியலை நேர வரிசைப்படி அடுக்கினேன். வேறு எதற்காகவும் இல்லை, பழக்கம். முதல் வரி மேலே வந்தது. கு. அருள்குமரன். உறவினர்: தந்தை குற்றாலிங்கம். பதில்: ஆம். நேரம்: 4.53.

அவர் ஒப்புதல் விரல் வைத்து ஒரு நிமிடம்.

நான் திரையை அவர் பக்கம் திருப்பியிருக்கக் கூடாது. ஆனால் திருப்பினேன்.

"உங்களுக்கும் சேர்த்தே மூடிரவா, சார்?"

அவர் படித்தார். ஒரே வரிதான், ஆனால் ரொம்ப நேரம் படித்தார். நேற்று அவர் விரல் வைத்தது ஒன்பது பேருக்காகவா, அந்த ஒரு பெயரைத் திரையில் பார்ப்பதற்காகவா? அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நான் கேட்கவில்லை.

"எனக்கு நானே அமுக்கிக்கிடுதேன்," என்றார் கடைசியில். "அவங்கவங்களே அமுக்கட்டும். சந்தனத்துக்கு அவன் அம்மா அமுக்கட்டும். அதுவரைக்கும் பருந்து போகட்டும்."

"அப்ப கட்டம்?"

"வேண்டாம். விட்டுரு."

"சென்னைல?"

"நான் சொல்லிக்கிடுதேன். வேலையத்தான பிடுங்குவாங்க." பேனா மூடியைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. "ஆனா இந்தத் தடவை டெஸ்ட் பண்ணிரு. ஒழுங்கா, கடைசிவரைக்கும்."

நான் தயங்கினேன். என் பக்கத்தில் மறைவை ஓட்டினால் செய்தி ரெனிட்டாவுக்குப் போகும். அதை அவர் என் முகத்திலேயே படித்துவிட்டார்.

"என் பக்கத்துல ஓட்டு," என்றார். "நான்தான் உசுரோட இருக்கேனே, கீழ போயி விரல் வச்சு மறுபடி 'உயிருடன்'னு மாத்திக்கிடுதேன்."

பதினோரு வருடத்தில் மறைவு டெம்ப்ளேட்டை ஒருவர் தன் சொந்தப் பக்கத்தில் ஓட்டியது அதுதான் முதல் முறை. பெயர்: குற்றாலிங்கம். இடம், நேரம், காரணம் எல்லாவற்றையும் நிரப்பினேன். அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு, காரணத்தில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தினார். பதிவு என்பதை அமுக்கினேன். உறவினர் கட்டம் பழைய பதிவிலிருந்து தானாக நிரம்பியது. மனைவி காலமான பிறகு அவர் அதில் ஒரே ஒரு பெயரைத்தான் வைத்திருந்தார். அதற்கப்புறம் அதை மாற்றவே இல்லை.

திரையில் வரி வந்தது.

'செய்தி அனுப்பப்பட்டது: கு. அருள்குமரன். பதிலுக்காகக் காத்திருக்கிறது.'

எத்தனை நேரத்துக்கு என்று சொல்கிற கட்டத்தை நான்தான் எடுத்துவிட்டிருந்தேனே. அது காத்துக்கொண்டே இருந்தது. கீழே கவுண்டருக்குப் போய் விரல் வைக்க வேண்டியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இருக்கட்டும்மா," என்றார். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போறேன்."